தொடாத பால் கிண்ணம்

மகனே,

நம் வீட்டுக் கடிதங்களில் முதல் வரியில் போடுகிற வாழ்த்தை இதில் போடவில்லை. ஒரு பொய்யைப் பற்றி எழுதப்போகிற தாளில் ஆண்டவர் பெயரை முதலில் எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. படித்து முடித்த பிறகு உனக்குத் தோன்றினால் நீயே மேலே எழுதிக்கொள். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் பேசுகிற அழகு உனக்குத் தெரியும். சித்தூர் வெயில், பெங்களூர் மழை, உங்கம்மாவின் சர்க்கரை என்று ஊரைச் சுற்றி வந்து, "சரி, வச்சுடட்டா" என்பதில் போய் நிற்பேன். நீ தகப்பனாகி இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை திருப்பதியில் உன் மகளுக்குப் பெயர் வைக்கிறோம். அதற்கு முன்னால் நீ உன் மாமியாரிடம் பேசி மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. உண்மையில் அந்த மன்னிப்பைக் கேட்க வேண்டியவன் நான். உன்னை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்பதை விளக்கத்தான் இத்தனை பக்கமும்.

எல்லாம் அந்த ஓவனிலிருந்து தொடங்குகிறது. உன் முதல் சம்பளத்தில் உங்கம்மாவுக்கென்று வாங்கி வந்தாயே, அது. அவள் அதன் மேல் ஒரு துணியை விரித்து, துணியின் மேல் மாத்திரை டப்பாக்களை அடுக்கி, வருஷக்கணக்கில் அதை ஒரு மேஜையாகவே வைத்திருந்தாள். பாகாலா ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற வேலை முடிந்து நான் வீட்டில் உட்கார்ந்தேன். வீட்டில் என்றால் சமையலறை வாசலில், அவள் போக வர இருக்கிற வழியில். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு காலையில், "ஒண்ணு இந்தப் பொட்டிய தூக்கி வெளிய போடுங்க, இல்ல அதாண்ட போய் எதனா பண்ணுங்க, என் பின்னாலயே சுத்திக்கினு இருக்காதீங்க" என்றாள். மாத்திரை டப்பாக்களை எடுத்து வைத்துவிட்டு ஓவனைத் திறந்தேன். முதல் மாதம் நான் சுட்டதை நாய்கூட மோந்துவிட்டுப் போனது. ஆனால் கவுண்டரில் உட்கார்ந்து பழகியவனுக்குப் பொறுமை அதிகம். விடாமல் சுட்டேன்.

எலுமிச்சையும் தேங்காயும் போட்ட பிஸ்கட்டுக்கு நான் வந்து சேர்ந்ததற்குச் சம்பந்தியம்மாதான் காரணம். திருப்பதியில் அலிபிரிக்குப் போகிற சாலையில் அவர் வீட்டுப் பின்பக்கத்து எலுமிச்சை மரம் காய்த்தால் ஊருக்கே கொடுக்கும். உன் மாமனார், லாவண்யாவின் அப்பா, வைத்த மரம். அவர் போன பிறகு அந்த வீட்டில் சம்பந்தியம்மாவும் மரமும்தான். யாராவது சித்தூர் பக்கம் வந்தால் ஒரு பை பழம் நமக்கு வந்துவிடும். ஊறுகாய் போட்டுப் போட்டு உங்கம்மாவுக்கு அலுத்துப்போனது. நான் தோலைப் பிடித்துக்கொண்டேன். தோலின் மஞ்சளை மட்டும் துருவ வேண்டும், வெள்ளை வரை போனால் கசக்கும். துருவலைச் சர்க்கரைப் பொடியில் போட்டு விரல் நுனியால் கசக்கினால் சர்க்கரை ஈரமாகி மஞ்சளாகும், வீடு முழுக்க மணக்கும். கொப்பரைத் துருவலை வெறும் வாணலியில் லேசாகச் சூடு காட்டி ஆறவிட வேண்டும். வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்து, மைதாவைச் சேர்த்து, சப்பாத்தி மாவு மாதிரி போட்டுப் பிசையாமல், எல்லாம் ஒட்டிக்கொள்ளும் வரைக்கும் மட்டும் அழுத்த வேண்டும். நமக்குச் செய்தால் ஒரு முட்டை. மேலே பளபளப்புக்கு இன்னொரு முட்டையின் மஞ்சள் கருவைப் பிரஷ்ஷால் தடவுவேன். சம்பந்தியம்மா வீட்டுக்கென்றால் உள்ளே இரண்டு கரண்டி தயிர், மேலே பால். இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரம், தனித்தனித் தட்டு. சொல்லிக்கொள்கிறேன், இதில் நான் ஒருநாளும் அலட்சியமாக இருந்ததில்லை. இருந்ததில்லை என்று அன்றைக்கு வரை சொல்லியிருக்கலாம்.

உங்கள் கல்யாணம் முடிந்து அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் நம் வீட்டுக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? வாழைப்பழமும் தண்ணீரும் தவிர எதையும் தொடவில்லை. காலையிலிருந்து நின்று சமைத்த உங்கம்மா முகம் சுண்டிப்போய் நின்றாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அப்போது சம்பந்தியம்மா நாற்காலியிலிருந்து எழுந்து நேராகச் சமையலறைக்குள் போனார். "வதினா, இந்தப் பாத்திரத்துல கறி, முட்ட ஏதும் படலியே?" என்று உங்கம்மாவிடம் கேட்டார். இல்லை என்று உங்கம்மா சொன்னாள். உடனே ஒரு தட்டை எடுத்துச் சாம்பார் சாதம் போட்டுக்கொண்டு, கூடத்தில் அத்தனை பேர் நடுவிலும் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் வழக்கம் அதுதான். ஒரே தடவை கேட்பார். நாம் சொன்ன பதிலை அப்படியே எடுத்துக்கொள்வார். மறுபடி கேட்கமாட்டார், மோந்து பார்க்கமாட்டார், நம் முகத்தைத் துருவமாட்டார். அவருடைய ஆட்கள் அதற்காக அவரை என்னென்ன பேசினார்கள் என்று லாவண்யா பிற்பாடு உங்கம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அவர் அசரவில்லை. அடுத்த முறை வந்தபோதும் கேட்டார், சாப்பிட்டார்.

போன தீபாவளிக்கு அவர் வீட்டுக்கு நான் கொண்டுபோன பிஸ்கட்டை நீ கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "நைனா, இதுங்களுக்கு ரத்த சோகையா?" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். முட்டை போடாதது வெளுத்துத்தான் இருக்கும், பால் தடவினாலும் ஓரளவுக்குத்தான் நிறம் பிடிக்கும். உன்மேல் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை. கிண்டல் நம் குடும்பத்துச் சொத்து, நீ அதை என்னிடமிருந்துதான் வாங்கினாய். ஆனால் அன்றைக்குத் தட்டில் பாதி மிஞ்சிக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் அப்பனுக்கு இந்த வயதில் இப்படி ஒரு கர்வம் உட்கார்ந்திருக்கிறது என்று உனக்குத் தெரியட்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பிறகு லாவண்யா மறுபடி உண்டானாள். முதல் தடவை கலைந்துபோனதில் நீங்கள் இரண்டு பேரும் எப்படி ஆகிப்போனீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். இந்தத் தடவை உங்கம்மா வெள்ளிக்கிழமை உபவாசம் எடுத்தாள். சம்பந்தியம்மா அலிபிரியிலிருந்து படிக்குப் படி மஞ்சளும் குங்குமமும் வைத்து மலை ஏறுவதாக வேண்டிக்கொண்டார். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஒரு படி ஏறினாலே பெரிது. ஒவ்வொரு படிக்கும் குனிந்து நிமிர வேண்டும். ஏறுகிற நாள் வரைக்கும் வெளிச் சாப்பாடு கிடையாது, காபிகூட வெளியில் தொடமாட்டார். அவரே போன் செய்து, "அண்ணய்யா, வழியில வாயில போட்டுக்க உங்க பிஸ்கட் கொஞ்சம் வேணும்" என்றார். வெளிச் சாப்பாடு கூடாதே அம்மா என்று கேட்டேன். "அது வெளிச் சாப்பாடா? நம்ம வீட்டுது" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் தலைகால் புரியவில்லை எனக்கு. இந்தத் தடவை வாழ்நாளில் சுடாத பிஸ்கட் சுட்டுக் கொடுக்கிறேன் பார் என்று உங்கம்மாவிடம் வீரம் பேசினேன்.

அன்று பகலில் இரண்டு வகையும் செய்தேன். அவருக்கு ஒரு தட்டு. மறுநாள் சபையில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு நம் தட்டு. மேடையில் இரண்டு சின்னக் கிண்ணம், ஒன்றில் பால், ஒன்றில் மஞ்சள் கரு. கரண்ட் போய்விடும் என்று அவசரம், திருப்பதி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று இன்னொரு அவசரம். இரண்டு தட்டும் ஓவனுக்குள் போய், கதவை மூடி, பிரஷ்ஷைக் கழுவத் திரும்பியபோதுதான் பார்த்தேன். பால் கிண்ணம் ஊற்றியபடியே நிறைந்திருந்தது. மேலே ஏடு படிந்திருந்தது. பிரஷ் அதில் படவே இல்லை. மஞ்சள் கரு கிண்ணம் வழித்துத் துடைத்துக் கிடந்தது. இரண்டு தட்டுக்கும் அதையே தடவியிருக்கிறேன். கை தன் பழக்கத்துக்குப் போய்விட்டது, நான் பஸ்ஸை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதுவரை நடந்தது தவறு. யாருக்கும் வரும். இதற்குப் பிறகு நான் செய்தது தவறில்லை, அதற்கு வேறு பெயர். ஓவன் கதவைத் திறந்தேன். மகனே, அவை அவ்வளவு அழகாக இருந்தன. ஓரம் சிவந்து, மேலே மினுமினுவென்று, கொப்பரை ஒவ்வொரு இழையும் பொன்னிறத்தில். கடையில்கூட அப்படி வராது. "அம்மா, இந்தத் தடவை பிஸ்கட் கெட்டுப்போச்சு, பொரியும் வெல்லமும் கொண்டுவரேன்" என்று ஒரு போன் போட்டிருந்தால் முடிந்தது. போடவில்லை. மேலே ஒரு பூச்சுத்தானே, சூட்டில் வெந்துபோனது, யாருக்குத் தெரியப்போகிறது என்று மனசு ஆயிரம் சமாதானம் சொன்னது. டப்பாவில் அடுக்கினேன். உங்கம்மாவிடம் மூச்சு விடவில்லை. பஸ்ஸில் உங்கம்மா பக்கத்தில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

சம்பந்தியம்மா டப்பாவைத் திறந்து, "பங்காரம் மாதிரி இருக்கே அண்ணய்யா" என்றார். தங்கமாம். உங்கம்மா பெருமையாக என்னைப் பார்த்தாள். அவர் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, எப்போதும் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"முட்ட இல்லியே, அண்ணய்யா?"

"இல்லம்மா."

கவுண்டரில் 'டிக்கெட் இல்லை, இடம் இல்லை' என்று காலமெல்லாம் சொல்லிப் பழகிய வாய். தயங்கக்கூட இல்லை. அவர் தலையாட்டிவிட்டு டப்பாவை மூடி, மஞ்சள் குங்குமப் பொட்டலங்கள் வைத்திருந்த பையிலேயே பத்திரமாக வைத்தார். விடியற்காலையில் அவர் அக்காள் மகளோடு ஏறினார். மறுநாள் போனில், கால் மடங்கிப்போய் உட்கார்ந்த இடத்திலெல்லாம் உங்கள் பிஸ்கட்டைத் தின்றுதான் எழுந்தேன், கூட ஏறினவர்களுக்கும் கொடுத்தேன், எல்லோரும் எந்த பேக்கரி என்று கேட்டார்கள், எங்கள் வீட்டு பேக்கரி என்று சொன்னேன் என்றார். நான் சந்தோஷம் அம்மா என்றேன்.

ஏன் பொய் சொன்னேன் என்று பல நாள் எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். பயம் என்றால் பயமில்லை, அவர் கோபித்துக்கொள்ளுகிற ஆளும் இல்லை. கடைசியில் எனக்குக் கிடைத்த பதில் அசிங்கமான பதில். அவருடைய விரதம் எனக்கு விரதமாகவே தெரியவில்லை. உங்கம்மா உபவாசம் இருந்தால் வீட்டில் நான் செருப்புச் சத்தம்கூடப் போடமாட்டேன். அது ஆண்டவருக்கு. இது என்ன, படிக்கு மஞ்சள் வைப்பதுதானே என்று என் உள்ளுக்குள் ஒருவன் உட்கார்ந்து சொல்லியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிற உன் அப்பன்தான் அவன். அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் நம் தட்டைத் தொடவில்லை என்று கோபப்பட்டேனே, அவர்கள் நம் சாப்பாட்டைத்தான் தொடவில்லை. நான் ஒரு அம்மாளின் வேண்டுதலையே தொடத் தகாததாக நினைத்திருக்கிறேன். இதில் வேடிக்கை என்னவென்றால், அதில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் பயம் மட்டும் வந்துவிட்டது. லாவண்யாவுக்கு ஸ்கேன் என்று நீ சொன்னால், ரிப்போர்ட் வரும் வரை போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பேன்.

தாங்கமுடியாமல் உங்கம்மாவிடம் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். "என் உபவாசக் கஞ்சில அவங்க எறா பொடிய போட்டுட்டு, இல்ல வதினான்னு சொல்லிருந்தா, நீங்க சும்மா இருந்திருப்பீங்களா?" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஓவன் மேல் மறுபடி துணியும் மாத்திரை டப்பாவும் வந்துவிட்டன. நானும் எடுக்கவில்லை.

அந்த நாட்களில் ஒன்று அடிக்கடி ஞாபகத்துக்கு வந்தது. நீ மூன்றாவதோ நாலாவதோ படித்தாய். கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்க மூடி வைத்திருந்த தட்டிலிருந்து கல்கலா பலகாரம் குறைந்திருந்தது. நீயா என்று கேட்டேன். இல்லை என்றாய். உன் சட்டைப்பையில் சர்க்கரை ஒட்டியிருந்தது. வாசலில் வைத்து, போகிறவர் வருகிறவர் பார்க்க அறைந்தேன். தின்றதற்கு அடிக்கவில்லை, இல்லை என்று சொன்னதற்கு அடிக்கிறேன் என்று பிரசங்கம் வேறு. நீ அழாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். பசிக்கு எடுத்த பிள்ளை சொன்ன 'இல்லை' எங்கே, நிறத்துக்காகக் கிழவன் சொன்ன 'இல்லை' எங்கே. அந்த அறைக்கு இப்போது உன்னிடம் வருத்தம் சொல்கிறேன். கன்னம் மறந்திருக்கும், எனக்குக் கை மறக்கவில்லை.

ஒருநாள் காலையில் ரயில் ஏறித் திருப்பதிக்குத் தனியாகப் போனேன். பாகாலாவில் வண்டி நின்றபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். நான் வேலை பார்த்த பிளாட்பாரம் ஆயிற்றே, யாராவது பார்த்தால் என்னவென்று சொல்வது என்று உட்கார்ந்துவிட்டேன். சம்பந்தியம்மா கூடத்தில் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். வதினா வரலையா என்று கேட்டார். நின்றபடியே சொன்னேன். கிண்ணம், பிரஷ், நிறம், எல்லாம். உட்காரச் சொன்னார். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்தார்.

"நான் கேட்டேனே, அண்ணய்யா."

"கேட்டீங்கம்மா."

"கேக்காம தின்னுருந்தா என் தப்பு. கேட்டுத்தான் தின்னேன்."

அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மறுபடி ஏற வேண்டும் என்று மட்டும் சொன்னார். முழங்கால் என்ன ஆகும், டாக்டர் என்ன சொல்வார், வேண்டுமானால் இதற்கு ஏதாவது பரிகாரம் இருக்குமே என்று நான் உளறினேன். அவர் நான் பேசி முடிக்கும் வரை காத்திருந்தார். "நீங்க பையத் தூக்கினு வாங்க" என்றார்.

அப்படித்தான் உன் அப்பன், பரம்பரைக் கிறிஸ்தவன், ஒரு தோளில் மஞ்சள் பையும் ஒரு கையில் தண்ணீர் கேனுமாக அலிபிரிப் படியில் கால் வைத்தான். நான் படிக்கு எதுவும் வைக்கவில்லை, அவரும் வைக்கச் சொல்லவில்லை. அவர் குனிவார், மஞ்சள் தடவுவார், குங்குமம் வைப்பார், நிமிர்வார். பொட்டலம் தீர்ந்தால் அடுத்ததைப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. அவர் நிமிரும்போதெல்லாம் கையை நீட்டினேன். அவர் பிடிக்கவில்லை. பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வெயில் ஏற ஏற எனக்கே மூச்சு வாங்கியது. வயசுப் பிள்ளைகள் எங்களைத் தாண்டிக்கொண்டு ஓடினார்கள். பாதி வழிக்கு மேல் இருக்கிற காலி கோபுரம் வந்தது. அங்கே உட்கார்ந்தபோது மடியிலிருந்து பொரியும் வெல்லமும் எடுத்து, பாதியை எனக்குப் பிரித்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். கடைசிப் பொரி வரை தின்றேன். முழங்கால் முறிச்சான் என்று தமிழில் சொல்கிற அந்தச் செங்குத்துப் படிகள் வந்ததும் அவருக்குக் கால் நடுங்க ஆரம்பித்தது. நான் கையை நீட்டினேன். இந்தத் தடவை பிடித்துக்கொண்டார். மஞ்சள் கை. கடைசிப் படி வரைக்கும் விடவில்லை. படி முடிந்த இடத்தில் கற்பூரம் ஏற்றி, தரிசனத்துக்குப் பிள்ளையோடு வருகிறேன் என்று பெருமாளிடம் சொல்லிவிட்டார். பஸ் பிடித்து இறங்கினோம்.

இனி, நான் எழுதவே தயங்கிய இடம். அன்று சாயங்காலம் அவர் வீட்டுக் கூடத்தில் நாற்காலியில் நான், கட்டிலில் அவர், முழங்கால் இரண்டும் பானை மாதிரி வீங்கி. உன் போன் வந்தது. அவருடைய அக்காள் மகள் லாவண்யாவிடம் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. அவருக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் போட்டார். "ஒரு தடவ ஏறினது பத்தாதா அத்த? இங்க லாவண்யா அழுதுக்கினு கிடக்கறா. உங்க மூடநம்பிக்கைக்கு ஒரு அளவே இல்லியா?" என்றாய். நான் அங்கே இருப்பது உனக்குத் தெரியாது. நான் எழுந்து போனை வாங்கி, டேய், என்னால்தான் ஏறினார் என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்பதுபோலக் கையை லேசாக அசைத்தார். "தப்புதான் பாபு. மனசு கேக்கல, ஏறிட்டேன். இனிமே ஏறமாட்டேன்" என்றார்.

அவர் கையசைத்ததால் நான் சும்மா இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பொய். அவர் கையசைத்தபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்குத்தான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். என் மகன் முன்னால் என் முகம் கெடக் கூடாது என்று அவர் நினைத்தார், அதற்காகத் தன் மாப்பிள்ளையிடம் புத்தி கெட்டவள் என்று பேர் வாங்கிக்கொண்டார். நான் அதைக் கேட்டுக்கொண்டு அவர் வீட்டுக் காபியைக் குடித்தேன். முதல் பொய்க்காவது அவசரம், கர்வம் என்று காரணம் இருந்தது. பிறகு வந்த மௌனத்துக்கு எதுவும் இல்லை. அதன் பிறகு நீ அவரிடம் சரியாகப் பேசுவதில்லை என்று லாவண்யா சொன்னாள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தவரிடம், நிற்க வேண்டாம், போய் உட்காருங்கள் என்று நீ முகம் கொடுக்காமல் சொன்னதை நானே பார்த்தேன். பிள்ளை பிறக்கும் வரை வாயைத் திறக்காதீர்கள், லாவண்யா மனசு கலங்கிவிடும் என்று அவர் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது பிள்ளை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். எனக்கு ஒளிந்துகொள்ள இனி எந்தச் சாக்கும் இல்லை. உங்கம்மா இதைப் படித்துவிட்டாள். லாவண்யாவும் படிக்கட்டும். பெயர் வைக்க வருகிறவர்களில் யார் படித்தாலும் சரி.

புத்தி சொல்லுகிற தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் தகப்பன் கடிதம் என்றால் ஒன்றாவது இருக்க வேண்டும் அல்லவா. உன் வீட்டுக்கு வந்து ஒருவர் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, நீ சொல்வதை நம்பிச் சாப்பிட உட்கார்ந்தால், அவர் உன் கையில் தன்னையே கொடுத்திருக்கிறார். அவர் எதை நம்புகிறார், ஏன் நம்புகிறார் என்பது உன் வேலை இல்லை. உன் மகள் வளர்ந்து உன்னிடம் ஆயிரம் கேட்பாள். தெரியாது என்று சொல்லலாம், தப்பாகிவிட்டது என்று சொல்லலாம். நான் சொன்ன அந்த 'இல்லம்மா'வை மட்டும் சொல்லிவிடாதே. அப்புறம் இன்றைக்கே அத்தைக்குப் போன் போடு. நைனா எழுதிவிட்டார் என்று சொல். நைனாவுக்காக அல்ல, நீ பேசின பேச்சுக்காக மன்னிப்புக் கேள். என்னை என்ன செய்வது என்று பிற்பாடு யோசித்துக்கொள்.

ஒரு சேதி பாக்கி. போன வாரம் சம்பந்தியம்மாவே போன் செய்தார். பேர் வைக்கிற அன்றைக்கு அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் வருகிறார்களாம். அண்ணய்யா பிஸ்கட் செய்துகொண்டு வர வேண்டும் என்றார். நான், "அம்மா, வேண்டாம், என்னை நம்பாதீர்கள்" என்றேன். "உங்கள நம்பறேன்னு யார் சொன்னா? சனிக்கிழமயே சித்தூர் வரேன். பக்கத்துலயே நிப்பேன்" என்றார். உங்கம்மா சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டிருக்கும். ஓவன் மேலிருந்த டப்பாக்களை அவளே எடுத்து வைத்தாள். ஒரு பை எலுமிச்சையும் வந்து சேர்ந்துவிட்டது.

ஆகவே சனிக்கிழமை நான் துருவுவேன், அவர் பார்த்துக்கொண்டு நிற்பார். மேடையில் ஒரே ஒரு கிண்ணம்தான் இருக்கும், பால் கிண்ணம். ஞாயிற்றுக்கிழமை தட்டு உன் முன்னால் வரும்போது பிஸ்கட் வெளுத்துத்தான் இருக்கும். ஒன்றை எடுத்துச் சாப்பிடு. பக்கத்தில் யாராவது நிறத்தைப் பற்றிக் கேட்டால், எங்கள் நைனா சுட்டது இப்படித்தான் இருக்கும் என்று அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்.